கத்தி பட்டால் சொந்தமாகும் துணி

கேள்வி: அம்மா, நான் ஆடை வடிவமைப்பு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அப்பா சென்னிமலையில் தறி வைத்திருக்கிறார். என் வகுப்பில் நைஜீரியாவிலிருந்து வந்து படிக்கும் தோழி ஒருத்தி இருக்கிறாள். கல்லூரி விழா என்றால் 'அங்காரா' என்ற பளிச்சென்ற அச்சுத் துணியில் பாவாடையும் அதே துணியில் தலைக்கட்டுமாக வருவாள். "இது எங்கள் மரபு" என்பாள். போன வாரம் ஆசிரியர் வகுப்பில், "அது ஆப்பிரிக்கத் துணியே கிடையாது, ஜாவாவின் பாத்திக்கைப் பார்த்து ஹாலந்துக்காரன் மில்லில் அடித்தது" என்று சொல்லிவிட்டார். அவள் ஒன்றும் பேசவில்லை. எனக்குத்தான் சங்கடமாகப் போயிற்று. இப்போது எனக்குக் கருத்தரங்கக் கட்டுரைக்கு வந்திருக்கும் தலைப்பே 'ஆப்பிரிக்க ஆடைக் கலைஞர்கள் மரபைக் கொண்டாடுவது'. ஹாலந்துத் துணி எப்படி ஆப்பிரிக்க மரபாகும்? நிஜமாகவே மரபிலிருந்து வேலை செய்கிற வடிவமைப்பாளர்கள் யார்? இதில் மாடல்களுக்கு என்ன பங்கு, துணி மாட்டும் ஹேங்கர் வேலைதானா? அங்கே இதையெல்லாம் யார் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

— வாசகி, சென்னிமலை

பதில்: அன்புள்ள மகளுக்கு,

உன் ஆசிரியர் சொன்ன தகவல் சரிதான். அதைக்கொண்டு அவர் எட்டிய முடிவோடுதான் எனக்குச் சண்டை.

ஹாலந்தின் ஹெல்மண்ட் நகரில் 1846-இல் தொடங்கியது விலிஸ்கோ கம்பெனி. ஜாவாப் பெண்கள் மெழுகு வைத்துக் கையால் சாயம் தோய்த்த பாத்திக்கை மெஷினில் செய்து, அதை ஜாவாவிலேயே மலிவாக விற்றுவிடலாம் என்று டச்சு ஆலைக்காரர்கள் கணக்குப் போட்டார்கள். கணக்குப் பலிக்கவில்லை. மெஷினில் பூசிய பிசின் விரிசல் விடும். விரிசலில் சாயம் இறங்கித் துணி முழுக்க நரம்பு நரம்பாகக் கோடு விழும். ஜாவாவில் அதைப் பழுது என்று ஒதுக்கினார்கள் என்பது துணி வியாபாரிகள் வழிவழியாகச் சொல்லும் கதை. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அதே துணி இன்றைய கானாவின் கரையில் இறங்கியபோது, அந்தக் கோட்டையே அழகு என்று வாங்கினார்கள்.

இதுவரை டச்சுக்காரன் கதை. ஆசிரியர் இங்கே நிறுத்திக்கொண்டார். இதற்குப் பிறகுதான் கதையே இருக்கிறது.

டோகோ நாட்டின் லோமே சந்தையில் 'நானா பென்ஸ்' என்று சில பெண்களைச் சொல்வார்கள். இந்த அச்சுத் துணியை மொத்தமாக வாங்கி மேற்கு ஆப்பிரிக்கா முழுவதும் விற்றுப் பணம் பார்த்தவர்கள். மெர்சிடிஸ் பென்ஸ் காரில் போய் வந்ததால் அந்தப் பெயர். ஹெல்மண்டிலிருந்து துணி வெறும் எண்ணோடுதான் வரும். பெயர் வைப்பது சந்தையில். கூண்டைத் திறந்து பறக்கும் பறவை போட்ட துணிக்கு 'நீ வெளியே போனால் நானும் போவேன்' என்று பெயர். ராத்திரி ஊர் சுற்றும் கணவனிடம் மனைவி வாய் திறக்க வேண்டியதில்லை. அதைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாலே போதும். 'என் புருஷன் வல்லவன்' என்றும் ஒரு துணி உண்டு. அதைக் கட்டுகிறவள் பெருமைக்குக் கட்டுகிறாளா, குத்தலுக்குக் கட்டுகிறாளா என்பது தெருவுக்குத் தெரியும். ஹெல்மண்டில் துணி அடித்தவனுக்குத் தெரியாது.

பெயர் வைத்துவிட்டால் துணி சொந்தமாகிவிடுமா என்று கேட்பாய். சரி, நம் ஊர்த் துணியின் கதை ஒன்றைச் சொல்கிறேன். நைஜர் ஆற்றின் கழிமுகத் தீவுகளில் கலபாரி மக்கள் வாழ்கிறார்கள். அவர்களிடம் தலைமுறை தலைமுறையாக மதிப்பாக இருந்துவரும் துணிகளில் ஒன்று 'இஞ்ஜிரி'. அது வேறொன்றுமில்லை, பழைய சென்னை மாகாணத்தில் கைத்தறியில் நெய்து கப்பலேற்றிய கட்டம் போட்ட மெட்ராஸ் துணி. லுங்கி என்று நாம் வீட்டில் கட்டிக்கொண்டு தெருமுனைக் கடை வரை போகிறோமே, அந்தத் துணியின் ஒன்றுவிட்ட தங்கை.

கலபாரிப் பெண்கள் அதை அப்படியே கட்டுவதில்லை. கட்டத்துக்குள் இருக்கும் வெளிர்நிற இழையை ஊசியால் நெம்பித் தூக்கி, பிளேடாலோ சிறு கத்தியாலோ இரண்டு முனையிலும் அறுத்து, உருவி எடுத்துவிடுவார்கள். இப்படி ஒவ்வொரு இழையாக. முடிக்கும்போது துணி சல்லடைபோல மெலிந்து, பழைய கட்டத்தின் மேல் புது உருவம் ஒன்று எழுந்திருக்கும். 'பெலெட்டே பிட்டே' என்பது அதன் பெயர். வெட்டிய துணி என்று பொருள். குழந்தை பெற்று எழுந்து ஊருக்குள் வரும் பெண்ணை அலங்கரிப்பதிலும், இறந்த பெரியவரைக் கிடத்தும் கட்டிலை அலங்கரிப்பதிலும் மெட்ராஸ் துணிக்கு இடம் உண்டு. நான் முதன்முதலில் இதைப் புத்தகத்தில் படமாகப் பார்த்தபோது, கரையான் அரித்த லுங்கியை ஏன் அச்சில் போட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். உன் அப்பாவிடம் காட்டு. இழையைச் சேர்ப்பதே பிழைப்பாக இருப்பவருக்கு, இழையை எடுத்து அழகு செய்கிறார்கள் என்றால் முதலில் கோபம் வரும். பிறகு துணியைக் கையில் வாங்கி உற்றுப் பார்ப்பார்.

இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தவர் டோனியே எரெக்கோசிமா. அவரே கலபாரிக்காரர், போர்ட் ஹார்கோர்ட்டில் பல்கலைக்கழக ஆசிரியர். அமெரிக்க ஆய்வாளர் ஜோன் ஐக்கருடன் சேர்ந்து 1981-இல் இந்த வெட்டுத் துணியைப் பற்றி எழுதினார். வெளியூர்ப் பொருளை ஒரு சமூகம் பொறுக்கி எடுக்கிறது. தன் மொழியில் பெயரும் பொருளும் கொடுக்கிறது. தன் சடங்குகளில் இடம் கொடுக்கிறது. கடைசியில் பொருளையே மாற்றிவிடுகிறது. இந்த நான்கு படியும் ஏறிவிட்டால் அது அந்தச் சமூகத்தின் பொருள் என்றார். உன் கட்டுரைக்கு முதுகெலும்பு இதுதான். எடுத்துக்கொள்.

கானாவின் கெந்தேவைப் பார். ஆப்பிரிக்க மரபு என்றதும் உலகமே நினைப்பது அந்தத் துணியைத்தான். 2024-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டுப் பட்டியலிலும் ஏறிவிட்டது. 18-ஆம் நூற்றாண்டில் அசாந்தே நெசவாளர்களுக்குப் பட்டு நூல் எங்கிருந்து கிடைத்தது? கப்பலில் வந்த வெளிநாட்டுப் பட்டுத் துணியைப் பிரித்து, அந்த நூலைத் தங்கள் குறுகிய தறியில் போட்டு நெய்தார்கள். கெந்தேவிலும் ஒவ்வொரு வடிவத்துக்கும் பெயர் உண்டு. கானாவின் தலைவர் ங்க்ரூமா எகிப்துப் பெண் ஃபாத்தியாவை மணந்ததும் 'ங்க்ரூமாவுக்கு ஃபாத்தியா பொருத்தம்' என்று ஒரு கெந்தே வந்தது. 1966-இல் ராணுவம் அவரைக் கவிழ்த்தது. தறியும் அதேதான், நூலும் அதேதான். துணியின் பெயர் மட்டும் 'ஒற்றை ஆள் நாட்டை ஆள்வதில்லை' என்று மாறிவிட்டது. நம் ஊரில் தெருப் பெயர் மாறுகிற மாதிரி என்று வைத்துக்கொள்.

இதை எழுதிவிட்டு இன்னொன்றை எழுதாமல் விட்டால் நான் பொய் சொன்னவளாவேன். மெட்ராஸ் துணி சும்மா கடல் கடக்கவில்லை. நம் கரையில் நெய்த துணி லண்டன் வழியாக மேற்கு ஆப்பிரிக்கா போய், அங்கே மனிதர்களை விலைக்கு வாங்கக் கொடுத்த சரக்குகளில் ஒன்றாக இருந்தது. பாண்டிச்சேரியின் நீலத் துணி செனகல் ஆற்றங்கரையில் கருவேலம்பிசின் வாங்க நாணயமாகவே புழங்கியது. நெய்தவனுக்குத் தன் துணி எங்கே போகிறது என்று தெரிந்திருக்காது. உன் கட்டுரையில் இதற்கு ஒரு பத்தி ஒதுக்கு. கொண்டாட்டம் என்ற தலைப்பு வந்தாலே இதையெல்லாம் திரைக்குப் பின்னால் தள்ளிவிடுகிறோம்.

உன் ஆசிரியர் பக்கம் பேசவும் பெரிய ஆள் இருக்கிறார். கேமரூனின் இமான் அயிசி நடனக்காரர், பாரிஸில் பெரிய ஆடை நிறுவனங்களுக்கு மாடலாக நடந்தவர், பிறகு வடிவமைப்பாளர். 2020 ஜனவரியில் பாரிஸின் 'ஓட் கூத்தூர்' என்ற உயர்தர ஆடைக்கலைப் பட்டியலில் இடம் பிடித்தார். அவர் அங்காரா போன்ற மெழுகு அச்சுத் துணியைத் தொடவே மாட்டார். அது காலனி ஆட்சிக்காரன் வியாபாரம், அதையே ஆப்பிரிக்காவின் முகம் என்று காட்டினால் எங்கள் நெசவாளி செத்துப்போவான் என்பது அவர் வாதம். கெந்தே, புர்கினாவின் 'ஃபாசோ டான் ஃபானி', மரப்பட்டைத் துணி என்று அவர் தேடிப் போகிறார். தறிக்காரர் மகளான உனக்கு அவர் பக்கம் மனம் சாயலாம், தப்பில்லை. நெசவாளிக்குக் கூலி போய்ச் சேரும் விஷயத்தில் நானும் அவர் கட்சிதான். ஆனால் உன் தோழி கட்டிவந்த துணியை 'உன்னுடையது இல்லை' என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அடுத்து வடிவமைப்பாளர்கள். இணையத்தில் தேடினால் நூறு பேர் வருவார்கள். நான் மூன்று பேரைச் சொல்கிறேன். மூவரும் மூன்று விதம்.

முதலாவது நைஜீரியாவின் ஷாடே தாமஸ்-ஃபாம், 1933-இல் பிறந்தவர். லண்டனுக்கு நர்ஸ் படிக்கப் போய், செயின்ட் மார்ட்டின்ஸில் ஆடைக்கலை படித்து, நாடு விடுதலை பெற்ற 1960-இல் லாகோஸ் திரும்பிக் கடை போட்டார். லாகோஸின் மேல்தட்டுப் பெண்கள் லண்டனிலிருந்து வரும் கவுனுக்குக் காத்திருந்த காலம் அது. அவர் யொரூபா பெண்கள் இடுப்பில் சுற்றும் துணியை ஜிப் வைத்த பாவாடையாக்கினார். 'கெலே' என்ற தலைக்கட்டைக் கட்டுவதற்கு அரை மணி நேரமும் பக்கத்தில் ஒரு ஆளும் வேண்டும். அதை முன்கூட்டியே கட்டித் தொப்பிபோல் தலையில் வைத்துக்கொள்ளும்படி செய்தார். நம் ஊரில் ரெடிமேட் சேலை வந்தபோது பாட்டிகள் என்ன பேசினார்கள் என்று உனக்குத் தெரியும். ஆபீசுக்குப் போகிற பெண்ணால் காலை ஏழு மணிக்கு உடுத்த முடியாத ஆடை சீக்கிரமே கல்யாண வீட்டு ஆடையாகச் சுருங்கிவிடும். ஷாடே அதைத் தடுத்தார். 2022-இல் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் 'ஆப்பிரிக்கா ஃபேஷன்' கண்காட்சி நடத்தியபோது அவர் ஆடைகளும் அங்கே இருந்தன.

இரண்டாவது மாலி நாட்டின் கிரிஸ் சேடு. இவரைச் சொல்லுமுன் 'போகோலான்' என்ற சேற்றுத் துணியைச் சொல்ல வேண்டும். கையகலப் பட்டைகளாக ஆண்கள் நெய்வார்கள். பட்டைகளைச் சேர்த்துத் தைத்து, இலைக் கஷாயத்தில் ஊறவைத்து, மஞ்சளாகிக் காய்ந்த துணியின் மேல், மாதக்கணக்கில் புளித்த குளத்துச் சேற்றைப் பெண்கள் தீட்டுவார்கள். கோலம்போல் கோட்டைப் போடுவதில்லை. கோடு வரவேண்டிய இடத்தை விட்டுவிட்டுச் சுற்றிலும் சேறு பூசுவது. இலையின் துவர்ப்பும் சேற்றிலுள்ள இரும்பும் சேர்ந்தால் கறுப்பு பிறக்கும், கழுவினாலும் போகாது. எங்கோ கேட்டதுபோல் இருக்கிறதா? கும்பகோணம் பக்கத்தில் சிக்கல்நாயக்கன்பேட்டையில் கலம்காரி எழுதுகிறவர்கள் துணியைக் கடுக்காயில் ஊறவைத்து, துருப்பிடித்த இரும்பும் வெல்லமும் ஊறிய நீரால் கறுப்புக் கோடு இழுக்கிறார்களே, அதே வேதியியல். யாரும் யாரிடமும் கற்றதாகத் தெரியவில்லை. துவர்ப்பையும் இரும்பையும் இரண்டு கரையிலும் தனித்தனியே கண்டுபிடித்திருக்கிறார்கள்.

சேடு 1949-இல் காத்தி என்ற ஊரில் பிறந்தவர். சின்ன வயதிலேயே தையல்கடையில் வேலைக்குச் சேர்ந்து, பாரிஸ் வரை போனார். ஊரிலிருந்து பரிசாக வந்த போகோலான் துணிகளை வைத்துக்கொண்டு அங்கே கோட்டும் குட்டைப் பாவாடையும் தைக்க நினைத்தார். கத்தரிக்கோல் ஓடவில்லை. அந்தத் துணியில் ஒவ்வொரு குறிக்கும் அர்த்தம் இருக்கிறது. வேட்டைக்காரனுக்கும் பிள்ளை பெற்ற பெண்ணுக்கும் காப்பாகப் போர்த்திய துணி. எங்கே வெட்டினாலும் ஏதாவது ஒரு சொல் அறுபடும். ஆகவே ஒரே ஒரு குறியைத் திரும்பத் திரும்ப இடும்படி துணியைப் புதிதாகச் செய்யச் சொல்லி, அதை வெட்டினார். கலபாரிப் பெண்கள் வந்த துணியை வெட்டித் தமதாக்கினார்கள். இவர் தமது துணியை வெட்டத் தயங்கினார். மரபோடு வேலை செய்கிறவருக்கு இந்தத் தயக்கம் ஒருநாளாவது வர வேண்டும் என்று நினைக்கிறேன். அது வராமலே அம்மன் உருவத்தைக் குஷன் உறையில் அடிக்கிறவர்கள் நம் ஊரிலும் உண்டு. சேடு 1994-இல் நாற்பத்தைந்து வயதுக்குள் போய்விட்டார்.

மூன்றாவது தென்னாப்பிரிக்காவின் லடுமா ங்ஸோகோலோ. ஹோசா இனத்தில் இளைஞர்கள் ஆண்மைச் சடங்கு முடித்துத் திரும்பும்போது பழைய உடுப்பையெல்லாம் கொடுத்துவிட்டு, சில மாதங்களுக்குப் புது உடுப்பாக மரியாதையாக உடுத்த வேண்டும். அந்த 'மரியாதையான உடுப்பு' என்னவாக ஆகியிருந்தது என்றால், ஸ்காட்லாந்துக் கம்பெனியின் டைமண்ட் கட்டம் போட்ட ஸ்வெட்டர்! ஊர்ச் சடங்கு, உடுப்பு மட்டும் ஸ்காட்லாந்துத் துரையுடையது. லடுமாவும் அந்தச் சடங்கைக் கடந்து வந்தவர்தான். அம்மா கற்றுக்கொடுத்த பின்னல் மெஷின் அறிவு இருந்தது. 2010-இல் போர்ட் எலிசபெத்தில் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது, ஹோசாப் பெண்கள் கோக்கும் பாசிமணி வடிவங்களை எடுத்து, தென்னாப்பிரிக்காவின் சொந்த ஆட்டுரோமத்திலேயே ஸ்வெட்டர் பின்னினார். அந்தக் கல்லூரி வேலைதான் இன்று 'மாஹோசா' என்ற பெரிய பெயர். நீயும் கல்லூரியில்தான் இருக்கிறாய் என்பதால் இதை நீட்டிச் சொல்கிறேன். அவர் மரபைத் தேடி அருங்காட்சியகம் போகவில்லை. தன் ஊர் இளைஞன் அடுத்த மாதம் எதை உடுத்தப் போகிறான் என்று பார்த்தார்.

2019-இல் இளம் ஆடை வடிவமைப்பாளர்களுக்கான எல்விஎம்ஹெச் பரிசை வென்ற முதல் ஆப்பிரிக்கரான தெபே மகுகுவையும் பார்த்துவை. தன் வீட்டுப் பழைய ஆல்பத்தை எடுத்து அம்மாவையும் சித்தியையும் பேசவைத்து, அந்தப் புகைப்படங்களிலிருந்து ஒரு தொகுப்பே செய்தவர்.

மாடல்கள் ஹேங்கரா என்று கேட்டாய். உலகம் அவர்களை அப்படித்தான் வைத்துக்கொள்ளப் பார்த்தது. 1975-இல் சோமாலியாவின் இமான் அமெரிக்கா போனபோது, அவரைக் கொண்டுபோன புகைப்படக்காரர் 'காட்டில் கண்டெடுத்தேன்' என்று பத்திரிகைகளுக்குக் கதை விட்டார். இமான் தூதர் மகள், நைரோபியில் பல்கலைக்கழக மாணவி, ஐந்து மொழி பேசுகிறவர். ஆடு மேய்க்கும் பெண் என்றால் துணி நன்றாக விற்கும் என்று கணக்கு! அந்தப் பொய்யை இமானே உடைத்தார். 1994-இல் கறுப்புத் தோலுக்கேற்ற ஒப்பனைப் பொருள் கம்பெனியும் தொடங்கினார்.

கினி நாட்டின் கத்தூஷா நியானைப் பற்றிக் கட்டாயம் எழுது. அவர் அப்பா ஜிப்ரீல் தம்சீர் நியான் வரலாற்றாசிரியர்; மாலிப் பேரரசை நிறுவிய சுன்ஜாத்தாவின் காவியத்தைப் பாணர் வாய்வழி கேட்டு எழுதி 1960-இல் நூலாக்கியவர். மகள் பிறந்ததும் அதே ஆண்டு. அப்பா மரபை எழுதிக் காப்பாற்றினார். மகளோ ஈவ் சேன் லோரானின் மேடையில் நடந்து புகழ்பெற்று, 2007-இல் தன் புத்தகத்தில், ஒன்பது வயதில் மரபின் பெயரால் தன் பிறப்புறுப்பைச் சிதைத்ததை வெளிப்படையாகச் சொல்லி அதற்கு எதிராக நின்றார். அடுத்த ஆண்டே பாரிஸில் இறந்துபோனார். 'மரபைக் கொண்டாடுவது' என்று எழுதும்போது எதை என்று கேட்காமல் எழுதாதே. ஒரே வீட்டில் அப்பா காப்பாற்றியதும் மரபு, மகள் வேண்டாம் என்றதும் மரபு.

சொல்லிக்கொடுக்கிறவர்கள் விஷயத்தில் நைக்கே ஒகுண்டாயே என்ற ஒரு பெயர் போதும். 1951-இல் ஒகிடி கிராமத்தில் பிறந்து, வீட்டுப் பெரியவர்களிடம் நெசவும் நீலச் சாயமும் கற்றவர். 1983-இல் ஓசோக்போவில் பயிற்சிக் கூடம் தொடங்கினார், கட்டணம் கிடையாது. அங்கே 'அடிரே' கற்றுத்தருகிறார்கள். துணியை முடிந்தோ, தைத்து இறுக்கியோ, மரவள்ளிக் கஞ்சியால் கோழியிறகு கொண்டு எழுதியோ நீலத்தில் தோய்ப்பது. கஞ்சி பட்ட இடம் சாயம் ஏறாது. ஈபடான் நகரத்து மண்டபத் தூண்களைப் போட்டு 'ஈபடான் இனியது' என்று ஒரு வடிவம் உண்டு. நீ தேடிப் பார். இப்போது அபெயோகுட்டா சந்தையில் சீன மில் துணி அடிரே வேஷம் போட்டு வந்து கையால் செய்கிறவர்களைத் திணறடிக்கிறது. சுங்குடிக்கு நேர்ந்ததைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

கட்டுரை எழுத உட்காருமுன் ஒரு வேலை செய். உன் தோழியிடம் அந்தப் பாவாடைத் துணிக்கு அவள் வீட்டில் என்ன பெயர், யார் வாங்கிக் கொடுத்தார்கள், எந்த விசேஷத்துக்கு என்று கேள். அன்று வகுப்பில் அவளிடம் யாரும் கேட்காத கேள்வி அது. அவள் சொல்வதை அவள் அனுமதியோடு எழுது. முடித்ததும் எனக்கு ஒரு படி அனுப்பு. கொஞ்சம் பெரிய எழுத்தில்.